கடைசிக் காது

அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா தம்பி? இல்லேன்னா ஹெட்போனாவது மாட்டிக்குங்க. கோச்சுக்காதீங்க, பாட்டு பிடிக்காமச் சொல்லல. அந்தப் பாட்டை வெளிய அனுப்பினவனே நான்தான். உங்க போன் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அதுல நாப்பது வயலின் எங்கேருந்து கேக்கும்? தகர டப்பாவுல பட்டாணியப் போட்டு உருட்டற மாதிரி இருக்கு. பெத்த பிள்ளைய நடுத்தெருவுல வச்சு அடிக்கிறதப் பாத்துக்கிட்டு, புதுச்சேரியிலேருந்து திருவான்மியூர் வரைக்கும் என்னால உக்கார முடியாது.

நன்றி. நல்ல பிள்ளை.

நம்பிக்கை இல்லேன்னா போன்லயே பாருங்க. பாட்டு விவரம்னு ஒண்ணு இருக்கும். இசை, பாடல், பாடியவர், புல்லாங்குழல், தவில், எல்லாம் தாண்டிக் கீழ வாங்க. டீ வாங்கிக் கொடுத்தவன் பேருக்கு ஒரு வரி மேல. மாஸ்டரிங், பரஞ்சோதி. பாத்தீங்களா? அது நான்தான்.

இல்ல தம்பி, டான்ஸ் மாஸ்டர் இல்ல. ஸ்டன்ட் மாஸ்டரும் இல்ல. இருபத்தாறு வருஷமா இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. என் மச்சானுக்கே இன்னும் புரியல. கல்யாண வீட்ல என்னை அறிமுகப்படுத்தறப்ப, 'நம்ம மாப்ள சினிமாவுல சவுண்டு சர்வீஸ்'ங்கறான். அதைக் கேட்டுட்டு ஒருத்தன் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, 'சீரியல் லைட்டும் உங்ககிட்டயே கிடைக்குமா'ன்னு கேட்டான்.

சுருக்கமாச் சொல்றேன், கேட்டுக்குங்க. கல்யாணச் சமையல்ல பாத்திருப்பீங்க. நறுக்கறதுக்கு ஆள், கிளறுறதுக்கு ஆள், தாளிக்கறதுக்கு ஆள். எல்லாம் முடிஞ்சு பந்திக்குப் போறதுக்கு முன்னாடி தலைமைச் சமையல்காரர் வருவாரு. சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நாக்குல வைப்பாரு. அவர் தலையாட்டினாத்தான் வாளி நகரும். அந்த ஆள் நான். பாட்டு மெட்டுப் போட்டு, பாடி, வாசிச்சு, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, அதான் மிக்ஸிங்னு சொல்றாங்களே, அதுவும் முடிஞ்சு என்கிட்ட வரும். எங்க கூடியிருக்கு, எங்க குறைஞ்சிருக்கு, எதை ஒரு மயிரிழை ஏத்தணும், எதை ஒரு மயிரிழை இறக்கணும், எல்லாம் நான்தான் பாப்பேன். கார்ல கேட்டாலும் கோயில் கொடைத் திருவிழா ஸ்பீக்கர்ல கேட்டாலும் ஒரே மாதிரி நிக்கணும். எனக்கப்புறம் யாரும் கிடையாது. ஊர் உலகம் கேக்கறதுக்கு முன்னாடி கடைசியாக் கேக்கற காது என் காது.

நீங்க என்ன பண்றீங்க? என்ன? இந்தப் பஸ் இரைச்சல்ல ஒண்ணும் விழல. கொஞ்சம் என் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. ஓ, டைல்ஸ் ஷோரூம். நேர்மையான தொழில். டைல்ஸ் கோணலாப் பதிச்சா வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சுடும். என் தொழில்ல அந்தக் கவலையே இல்ல. எந்தப் பயலுக்கும் ஒண்ணும் தெரியாது.

நிஜமாச் சொல்றேன். இந்த சினிமாவுல காது இருக்கிறவன்னு நான் பாத்தது கை விரல்ல எண்ணிடலாம். அதுலயும் ரெண்டு பேர் செத்துப்போயிட்டாங்க. மிச்சம் எல்லாம் கண்ணாடிக் கம்பி மாட்டறதுக்கு வளர்த்த காது. தயாரிப்பாளர் வருவாரு. ஏசி ரூம்ல உக்காந்து, கால் மேல கால் போட்டு, 'சார், இன்னும் சத்தமா வேணும்'பாரு. எது சத்தமா வேணும்னா, 'எல்லாம்'பாரு. எல்லாத்தையும் ஏத்தினா எதுய்யா ஏறும்? அந்த மேதைகளுக்காகவே என் மேசையில ஒரு குமிழ் வச்சிருக்கேன். கறுப்புக் குமிழ், கனமா இருக்கும், திருப்பறதுக்கு வழவழன்னு இருக்கும். அதுல ஒரு வயர்கூடக் கிடையாது. ஹீரோவோட மாமா வந்து 'கொஞ்சம் பேஸ் தூக்கலா இருக்கட்டும்'னா, நான் கண்ணை மூடிக்கிட்டு அந்தக் குமிழை ஒரு கால் திருப்பு திருப்புவேன். 'ஆங்! இப்ப பாருங்க, நெஞ்சுல வந்து குத்துது'ம்பாரு. குத்தும், குத்தும்.

நேர்ல வராதவனுக்கு வேற வழி. ஃபைல் அனுப்புவேன். ரெண்டு நாள் கழிச்சு, 'பாட்டு கொஞ்சம் டல்லா இருக்கு', 'கொஞ்சம் காரமா இருக்கு', ஏதாவது சொல்லி அனுப்புவான். சொல்லலேன்னா அவன் இருக்கிறதே யாருக்கும் தெரியாதே. நான் சாயங்காலம் வரைக்கும் சும்மா இருப்பேன். அப்புறம் அதே ஃபைலை எடுத்து, பேரை மட்டும் 'ஃபைனல் ரெண்டு'ன்னு மாத்தி அனுப்பிடுவேன். 'இதைத்தான் சார் எதிர்பார்த்தோம்'னு பதில் வரும். பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான். மிச்சம் ரெண்டு பேருக்கு 'ஃபைனல் மூணு'.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சவன்தான்.

போன மாசம் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. மகிழ்நன் தெரியுமில்ல, இசையமைப்பாளர்? போஸ்டர்ல மகிழ்நன். ரேஷன் கார்டுல மாசிலாமணி. அவன் மொத படத்துலேருந்து பதினாலு வருஷமா நான்தான் மாஸ்டரிங். மெட்டுப் போடறதுல கெட்டிக்காரன், ஒத்துக்கறேன். மத்தபடி அவனுக்குத் தன் பாட்டும் தெரியாது, அடுத்தவன் பாட்டும் தெரியாது. அவன்கிட்ட மிக்ஸிங் பண்றது கிருபா. தேவகிருபைன்னு முழுப் பேரு. நாசரேத்துப் பக்கம். சபையில கீபோர்டு வாசிச்சுக்கிட்டு இருந்து, மெட்ராசுக்கு வந்து, இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கா. எனக்குத் தங்கச்சி மாதிரி. அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவா. பொறுமையான பொண்ணு, அரிசியில கல்லு பொறுக்கிற மாதிரி உக்காந்து வேலை பாக்கும். ஆனா பாருங்க, மிக்ஸிங்ங்கறது வேற, மாஸ்டரிங்ங்கறது வேற. கறிகாய் நறுக்கறவங்க உப்புப் பாக்க வரக்கூடாது.

அதுலயும் இந்த ரெண்டு மூணு வருஷமா அவ மிக்ஸ் ரொம்ப மோசம். அவ மட்டும் இல்ல, எல்லார் மிக்ஸும் அப்படித்தான் வருது. மந்தமா இருக்கு. மேல கம்பளியப் போத்தி அனுப்பின மாதிரி. சலங்கை வச்சிருக்கோம்பான், சலங்கையே இருக்காது. ஜால்ரா போட்டிருக்கோம்பான், தேடணும். பாடறதுகளும் அப்படித்தான். 'ச'ன்னு ஒரு எழுத்து தமிழ்ல இருக்கிறதே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியல, எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பாடுது. பாட்டு மட்டுமா, பேச்சும் அப்படித்தான். என் பொண்ணு பேசறது எனக்குப் பாதி புரியறதில்ல. நான் என்ன பண்ணுவேன்? மேல இருக்கிற பளபளப்பை நான்தான் தூக்கி விடணும். பாவம்னு தூக்கி விட்டேன். ஊரே தூங்குது, ஒருத்தன் முழிச்சிருந்து விளக்கேத்த வேண்டியிருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பேசக் கூப்பிட்டாங்க. ஒலியும் நானும்னு தலைப்பு. எண்பது பசங்க. நான் என்ன நினைச்சேன்னா, நான் அனுப்பற பாட்டை இந்த ஆடியோ கம்பெனிக்காரனுங்க போன்ல ஏத்தறப்ப எப்படி நாசம் பண்றானுங்கன்னு காட்டலாம்னு. என் டிஸ்க்லேருந்து என் ஃபைலை எடுத்துக்கிட்டேன். வெளிய வந்திருக்கிற அதே பாட்டையும் எடுத்துக்கிட்டேன். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். பின்னாடி பெரிய திரையில கோடு ஓடுது. சத்தத்தோட கீழ்ப்பக்கம், தவில் மாதிரி கனத்தது, இந்தப் பக்கம், மேல்பக்கம், சலங்கை மாதிரி மெல்லிசானது, அந்தப் பக்கம்னு படமாத் தெரியும். போட்டு முடிச்சு, 'வித்தியாசம் தெரியுதா'ன்னு கேட்டேன்.

மூணாவது வரிசையில ஒரு பொண்ணு எழுந்திரிச்சுச்சு. 'தெரியுது சார். ரிலீஸ் ஆனது நல்லா இருக்கு. உங்களோடது காது கூசுது'ன்னுச்சு.

எண்பது பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் திரும்பித் திரையைப் பாத்தேன். பாத்தா, மேல்பக்கம் ரெண்டு கோடும் சேரல. என் ஃபைல்ல மலை மாதிரி நிக்குது, வெளிய வந்ததுல யாரோ இழைப்புளி போட்டு இழைச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் நாசம் பண்ணா அப்படி இருக்காது தம்பி. அவன் கோடாலியால வெட்டுவான். இது ஆள் உக்காந்து, நிதானமா, தெரிஞ்சு பண்ண வேலை. என் பாட்டை, எனக்கப்புறம், எவனோ தொட்டிருக்கான்.

சென்னைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகல. நேரா ஸ்டுடியோ. ரெண்டு வருஷத்துல மகிழ்நனுக்குப் பண்ணின பாட்டு அத்தனையும் எடுத்தேன். இருபத்திமூணு பாட்டு. ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ல போட்டு, என்னோட கோட்டையும் வெளிய வந்த கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கண்ணு வலிக்க வலிக்கப் பாத்தேன். இருபத்திமூணும் தொட்டிருக்கு. எல்லாம் ஒரே கை. ரெண்டு வருஷமா என் பேரைப் போட்டு வேற ஒரு காதோட வேலை ஊரெல்லாம் ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

என்ன கேட்டீங்க? வெளிய வந்தப்ப நான் கேக்கலையான்னா? கேக்காம என்ன? டீக்கடையில, கார்ல, எங்க போனாலும் அதான் ஓடுச்சு. நானும் பெருமையாத்தான் கேட்டேன். தன் பிள்ளைக்கு யாரோ தலைசீவி விட்டிருக்கான்னு தகப்பன் பாத்துக்கிட்டா இருப்பான்? பிள்ளை அழகா இருக்கேன்னுதான் பாப்பான். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, விடுங்க.

யாரு தொட்டிருப்பான்னு யோசிக்கவே வேண்டியதில்ல. என்கிட்டேருந்து ஃபைல் போறது கிருபாகிட்ட. அங்கேருந்துதான் கம்பெனிக்கு. மறுநாள் காலையில சாலிகிராமத்துல அவ ரூம்ல போய் நின்னேன். உள்ள நுழையறப்பவே கேட்டேன்.

'என் ஃபைலை யாரு தொட்டது?'

மழுப்புவான்னு நினைச்சேன். ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, 'நான்தாண்ணே'ன்னா.

'எதுக்கு?'

'கூசிச்சுண்ணே.'

'எனக்குக் கூசல.'

'அதாண்ணே நானும் சொல்றேன்'னா.

அவ குரல் உசத்தல தம்பி. உசத்தியிருந்தா நான் நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எழுந்து நின்னா, நாற்காலியை என் பக்கம் தள்ளினா. 'உக்காருங்கண்ணே'ன்னா. நான் உக்காரல. 'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மொத தடவ கூசிச்சப்ப உங்ககிட்டதாண்ணே சொன்னேன். சரி பாக்கறேன்னீங்க. ஃபைனல் ரெண்டுன்னு வந்துச்சு. அதுவும் கூசிச்சு. எனக்கு என் மேலயே சந்தேகம். ரெண்டு ஃபைலையும் எடுத்து, ஒண்ணைத் தலைகீழாத் திருப்பி, ரெண்டையும் சேர்த்து ஓட்டினேன்'னா.

உங்களுக்குச் சொல்லணும். அது எங்க தொழில்ல ஒரு சோதனை. ரெண்டு ஃபைலும் அச்சு அசல் ஒண்ணுன்னா, அப்படி ஓட்டறப்ப ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும். மிச்சம் ஒண்ணும் இருக்காது, சுத்தமா நிசப்தம். ஒரு துளி மாத்தியிருந்தாலும் அந்தத் துளி மட்டும் கேக்கும்.

'ஒண்ணுமே கேக்கலண்ணே'ன்னா கிருபா. 'நாலு நிமிஷமும் உக்காந்து அந்த நிசப்தத்தைக் கேட்டேன். பேரைத்தான் மாத்தியிருக்கீங்க. அப்புறம் எப்படிண்ணே உங்ககிட்ட வந்து சொல்றது? நானே ஒரு இழை இறக்கி அனுப்பினேன். அடுத்த பாட்டும் அப்படியே வந்துச்சு. அதையும் இறக்கினேன்.'

இருபத்தாறு வருஷத்துல, எத்தனை கொம்பன் வந்திருக்கான், ஒருத்தனும் என் ஃபைலைத் தலைகீழாத் திருப்பிப் பாத்ததில்ல. இவ பாத்திருக்கா. பாத்துட்டு ரெண்டு வருஷம் என்கூட உக்காந்து டீ குடிச்சிருக்கா, என் பொண்ணு பிறந்த நாளுக்குக் கேக் கொண்டு வந்திருக்கா. அமுக்குணி.

'மாசிலாமணிக்குத் தெரியுமா?'ன்னேன்.

'தெரியாதுண்ணே. தெரிஞ்சா அடுத்த பட மாஸ்டரிங் மும்பைக்குப் போயிடும்.'

'அப்ப எனக்குப் பிச்சை போட்டிருக்க.'

'அப்படிச் சொல்லாதீங்கண்ணே. எனக்குக் காது எப்படி வைக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே உங்க பாட்டுங்கதான்'னா. அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னா. 'காது டாக்டர்கிட்ட ஒரு தடவ போயிட்டு வாங்கண்ணே. வயசானா கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கறதில்லையா? அதுல என்ன இருக்கு?'

அதுல என்ன இருக்கா? கேட்டீங்களா தம்பி? ஓட்டப்பந்தயக்காரன்கிட்ட 'கால்தானே, அதுல என்ன இருக்கு'ங்கற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. எனக்கு ஐம்பத்திநாலு வயசு. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடலேன்னா பீப் பீப்னு கத்துமாம். அப்பா பத்து நிமிஷமாக் கத்துது, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களேன்னு என் பொண்ணு வந்து மூடுவா. மட்டமான பஸ்ஸர் வச்சு விக்கிறான், கத்தினாத்தானே கேக்கும்? அதுக்கெல்லாம் ஒருத்தன் காது டாக்டர்கிட்ட ஓடுவானா?

'பேப்பர் கொண்டு வரேன்'னு சொன்னேன். 'என் காது நல்லா இருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பர். அப்ப என்ன சொல்லுவ?'

'அப்படி வந்துச்சுன்னா என் காதுதாண்ணே கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்கறேன். இந்தப் படத்துலேருந்து நீங்க அனுப்பறது அனுப்பினபடியே போகும். நான் கை வைக்கமாட்டேன்'னா. அவங்க சபையில சத்தியம் பண்ணக்கூடாது. அதனால சத்தியம் பண்ணல. ஆனா அவ சொன்னா சொன்னதுதான், அது எனக்குத் தெரியும்.

வாசல் வரைக்கும் கூடவே வந்தா. 'இல்லேன்னாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல. நீங்க பண்ணுங்க. கடைசியா நான் ஒரு தடவ கேட்டுக்கறேன். பேரு உங்க பேருதான். யாருக்கும் தெரியவேண்டாம்ணே'ன்னா.

எப்படி இருக்கு? கடைசியா அவ கேக்கறாளாம். அப்ப நான் எதுக்கு? பந்தியில எச்சில் இலை எடுக்கவா?

எந்தப் படம்னு கேளுங்க. மாசிலாமணிக்கு இதுவரைக்கும் கிடைச்சதுலயே பெரிய படம். ஏழு பாட்டு. அஞ்சு மொழியில வருது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மொத பாட்டு வெளிய வருது. ஏழையும் நான் முடிச்சு கிருபாகிட்ட கொடுத்தாச்சு. அவ பேப்பருக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. பேப்பர் வந்தா என் ஃபைல் போகும், வரலேன்னா அவ இழைச்ச ஃபைல் போகும்.

ஆமா, அதுக்குத்தான் புதுச்சேரி. சென்னையில காது டாக்டரே இல்லையான்னு கேக்கறீங்களா? இருக்கான், தெருவுக்கு நாலு பேரு. ஆனா அங்க வெயிட்டிங் ஹால்ல ஒருத்தன் என்னைப் பாத்தான்னா போதும், மத்தியானத்துக்குள்ள வடபழனி முழுக்கப் பரவிடும். பரஞ்சோதிக்குக் காது அவுட்டாம்னு சந்தோஷப்படறதுக்கு நாப்பது பேர் இருக்கானுங்க. அதனால புதுச்சேரி. பேரைக் கேட்டப்ப சரியாத்தான் சொன்னேன். தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல 'வியாபாரம்'னு எழுதினேன்.

சின்னதா ஒரு கண்ணாடி ரூம். உள்ள உக்கார வச்சு, ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பொத்தானைக் கொடுத்தாங்க. ஹெட்போன் என்ன கம்பெனின்னு பாத்தேன், சுமார்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், கம்ப்யூட்டர் முன்னாடி. 'சத்தம் கேட்டா அமுக்குங்க சார், எவ்வளவு சின்னதா இருந்தாலும் அமுக்குங்க'ன்னுச்சு. யார்கிட்ட சொல்ற? அமுக்கினேன். கீழ்ச்சத்தம் எல்லாம் டாண் டாண்னு அமுக்கினேன். அப்புறம் மேல மேலப் போச்சு. மேல போகப் போக... எப்படிச் சொல்றது... இடைவெளி விட ஆரம்பிச்சுட்டா. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல. நான் சும்மா உக்காந்திருக்கேன். பாத்தா அந்தப் பொண்ணு நெத்தியச் சுருக்கிக்கிட்டு ஏதோ எழுதுது.

அப்பத்தான் கவனிச்சேன். அது ஒவ்வொரு தடவ சத்தத்தை அனுப்பறப்பவும் ஒரு தடவ தலையைத் தூக்கி என்னைப் பாக்குது. அனுப்பும், பாக்கும். அனுப்பும், பாக்கும். இருபத்தாறு வருஷம் எதிர்ல உக்காந்திருக்கிறவன் மூஞ்சியைப் பாத்தே பொழப்பு ஓட்டினவன் நான். என்கிட்டயா? தலை தூக்கினா அமுக்கினேன். தூக்கினா அமுக்கினேன். நடுவுல ரெண்டு மூணை வேணும்னே விட்டேன், ரொம்பச் சுத்தமா இருந்தாலும் சந்தேகம் வரும் பாருங்க.

ஏமாத்தினேன்னு நினைக்கிறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. அந்த பீப்பெல்லாம் இசையா தம்பி? மிஷின் கத்தறதைக் கேக்கறதுக்கா கடவுள் காது கொடுத்தான்? பரீட்சைன்னா பாஸ் பண்ணணும், அவ்வளவுதான். அதுவும் எனக்குக் கேக்காம இல்ல. கேட்டுச்சு. அவ தலையைத் தூக்கினா கேட்டுச்சு.

'இந்த வயசுக்கு ஆச்சரியமா இருக்கு சார், ரெண்டு காதும் நார்மல்'னுச்சு அந்தப் பொண்ணு. டாக்டர் கையெழுத்துப் போட்டாரு. இதோ பைக்குள்ள இருக்கு, பாருங்க. சீல் வச்சிருக்கு. பிடிங்க, பாருங்க. படிச்சீங்களா? கசக்காம மடிங்க.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மொத வேலையா கிருபாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன், கடைக்காரன்லாம் திரும்பிப் பாத்தான். 'பேப்பர் வாங்கியாச்சு. ரெண்டு காதும் நார்மல்'னேன். 'தேவனுக்கு ஸ்தோத்திரம்ணே'ன்னா. 'ரொம்ப சந்தோஷம். நான்தான் பாவி, வீணா உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். என் காதைத்தான் போய்க் காட்டணும். உங்க ஃபைலை அப்படியே அனுப்பிடறேன்'னா.

'அவ்வளவுதானா?'ன்னேன்.

'வேற என்னண்ணே?'ன்னா.

வேற என்னவா? எங்க எடுத்தீங்கன்னு கேக்க வேணாம்? எப்படி எடுத்தாங்கன்னு கேக்க வேணாம்? பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொல்ல வேணாம்? 'எதுக்கும் இன்னொரு எடத்துலயும் பாத்துடலாம்ணே'ன்னு சொல்லுவான்னு நான் போனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் ஃபைலைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தவ தம்பி அவ. என் பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டிப் பாக்கக்கூடாதா? இருபது வருஷமா நான் சொன்னதையெல்லாம் நம்பினவ, இதையும் நம்பிட்டா. முட்டாள். வடிகட்டின முட்டாள்.

என்ன? இப்பவே கூப்பிட்டு நிறுத்தச் சொல்றதா? என்னன்னு சொல்றது? பேப்பர் பொய்யின்னா? இல்ல... அதைச் சொல்லவேண்டியதில்ல. 'எதுக்கும் நீயும் ஒரு தடவ கேட்டுடு கிருபா'ன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா ஒண்ணும் குறைஞ்சுடாது. நானே பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். அவளுக்குத்தான் எப்படியும் கை அரிக்குமே. அவ இழைக்கட்டும், நாளைக்குக் காலையிலதானே, நேரம் கிடக்கு.

பயமா இருக்கு தம்பி. யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள அந்தப் பொண்ணு தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு, எனக்குக் காதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல. ஏழு பாட்டு. அஞ்சு மொழி.

இருங்க, கூப்பிடறேன். போன் எங்க... சட்டைப் பையிலதான் வச்சேன். இதோ.

என்னது இது? கிருபாதான். 'அனுப்பிட்டேன்ணே. கம்பெனியில ஏத்திட்டாங்க. என் கை படல.' கீழ ரெண்டு கும்பிடு.

இது எப்ப வந்துச்சு? முக்கால் மணி நேரம் ஆச்சுன்னு போட்டிருக்கு. கல்பாக்கத்துலயா? என் சட்டைப் பையிலதானே இருக்கு, அடிக்கவே இல்லையே. அடிச்சுதா? உங்களுக்குக் கேட்டுச்சா?

ரெண்டு தடவையா?

கேட்டுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன தம்பி? பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க.